அத்தியாயம் 9: ரேடான் – பேஸ்மென்ட்டில் படுப்பவர் சுவாசிக்கும் காற்று

வீடு வாங்கும்போது கூரை, ஃபர்னஸ், மின்சாரம், தண்ணீர்க் கசிவு எல்லாவற்றையும் பார்த்துப் பரிசோதகர் ஓர் அறிக்கை தருவார். நிலத்தடியிலிருந்து வீட்டுக்குள் ஏறும் ரேடான் வாயு அந்த அறிக்கையில் பெரும்பாலும் இருக்காது. அவருடைய வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். ரேடானை ஒழுங்காக அளக்க மூன்று மாதம் வேண்டும். அதனால் இது குடிபுகுந்த பின் நீங்களே செய்யவேண்டிய வேலை.

கனடாவில் நம்மவர் பேஸ்மென்ட்டைச் சாமான் போட்டு வைக்கும் இடமாக மட்டும் விடுவதில்லை. வீட்டுக் கடனைக் கட்ட உதவும் வாடகை அங்கிருந்துதான் வருகிறது. ஊரிலிருந்து வந்த அம்மம்மாவின் அறை அங்கே. படிக்க வந்த மாணவர்களின் முதல் முகவரியும் அதுவே. ரேடான் பொதுவாக ஆகக் கூடுதலாகத் தேங்குவதும் அங்கேதான். ஆகவே இந்த அத்தியாயத்தைப் படிக்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: உங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பவர் யார்? அளவி அவர் இருக்கும் இடத்தில்தான் வைக்கப்பட வேண்டும்.

எங்கிருந்து வருகிறது?

மண்ணிலும் பாறையிலும் எங்கும் சிறிதளவு யுரேனியம் உண்டு. அது சிதைந்து சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதையும்போது ரேடான் பிறக்கிறது. இதற்கு முன்னும் பின்னும் உள்ளவை திண்மங்கள். இது மட்டும் வாயு. அதனால்தான் பிறந்த இடத்தில் கிடக்காமல் மண்ணின் இடைவெளிகள் வழியே மேலே வருகிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. அரை ஆயுள் 3.8 நாள், மண்ணிலிருந்து வீட்டுக்குள் வந்து சேர அந்தக் காலம் தாராளமாகப் போதும்.

வெட்டவெளியில் காற்றோடு கலந்து நீர்த்துப்போகும். வீட்டுக்குள் கதை வேறு. குளிர்காலத்தில் வீடு புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது: சூடான காற்று மேலேறி மாடியின் இடுக்குகளால் வெளியேற, அந்த வெற்றிடத்தை நிரப்ப அடித்தளம் கீழேயுள்ள மண்ணின் காற்றை உறிஞ்சுகிறது. கொங்கிரீட் தரையின் வெடிப்பு, சுவரும் தரையும் சேரும் விளிம்பு, குழாய்கள் நுழையும் துளை, தரை வடிகால், சம்ப் பம்ப் குழி ஆகியவை அதன் வாசல்கள். சன்னல்கள் மாதக்கணக்கில் மூடியே கிடப்பதால் வந்த வாயு போகவும் வழியில்லை.

உடலுக்கு என்ன செய்கிறது?

ரேடானை மூச்சில் இழுத்தால் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும். தீங்கு செய்வது அதன் வழித்தோன்றல்கள். ரேடான் சிதைந்து பொலோனியம், ஈயம், பிஸ்மத் என்ற நுண்துகள்களாகிறது. இவை தூசியில் ஒட்டிக்கொண்டு மூச்சுக்குழாயின் உட்சுவரில் படிகின்றன. பொலோனியம் வெளியிடும் ஆல்ஃபா துகளை ஒரு தாளோ தோலின் மேற்படையோ தடுத்துவிடும். நுரையீரலுக்குள் அத்தகைய கவசம் இல்லை. துகள் நேரே உயிருள்ள கலங்களைத் தாக்கி மரபணு இழைகளை உடைக்கிறது. பல ஆண்டுகள் இது தொடரும்போது நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது.

இது முதலில் தெரியவந்தது சுரங்கங்களில். ஜெர்மனியின் ஷ்னீபெர்க் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் நூற்றாண்டுகளாக ஒரு மார்பு நோயால் இறந்துகொண்டிருந்தனர். அது நுரையீரலில் வரும் புற்று என்று 1879இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸெ என்ற இரு மருத்துவர்கள் எழுதினர். ரேடான் அப்போது இன்னும் கண்டுபிடிக்கப்படவே இல்லை. 1988இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதரில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் ரேடானைச் சேர்த்தது.

சுரங்கத்தில் சரி, சாதாரண வீட்டில்? ஐரோப்பாவில் நடந்த 13 ஆய்வுகளின் தரவை ஒன்றுசேர்த்து 2005இல் வெளியான பகுப்பாய்வு இதற்குப் பதில் தந்தது. நுரையீரல் புற்றுநோய் வந்த 7,148 பேரையும் வராத 14,208 பேரையும் ஒப்பிட்டார்கள். வீட்டுக் காற்றின் நீண்டகால ரேடான் அளவு கன மீட்டருக்கு 100 பெக்கரல் கூடும்போதெல்லாம் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு கூடியது. இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று கோடு போடக்கூடிய அளவு எதுவும் தெரியவில்லை.

கனடாவில் நுரையீரல் புற்றுநோய் மரணங்களில் சுமார் 16 விழுக்காட்டுக்கு ரேடான் காரணம் என்று கனடா சுகாதாரத் துறை மதிப்பிடுகிறது. ஆண்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். புகைபிடிக்காதவர்களுக்கு இந்நோய் வருவதற்கான முதற்காரணம் இதுவே.

புகைப்பவருக்கு இரண்டு ஆபத்தும் சேர்ந்து பெருகும். அதே துறையின் கணக்கு இது: வாழ்நாள் முழுவதும் புகைப்பவருக்கு, ரேடான் இல்லாவிட்டாலும், பத்தில் ஒன்று என்ற வாய்ப்பு உண்டு. அவர் உயர்ந்த அளவு ரேடானிலும் நெடுங்காலம் வாழ்ந்தால் அது மூன்றில் ஒன்றாகிறது. அதே ரேடானில் வாழும் புகைக்காதவருக்கு இருபதில் ஒன்று. வீட்டில் யாராவது புகைபிடித்தால் அதை நிறுத்துவதுதான் எந்தக் கருவியையும்விட அதிகப் பலன் தரும்.

இருமல், தலைவலி, மூச்சடைப்பு போன்ற எந்த உடனடி அறிகுறியும் ரேடானால் வராது. உடலில் எவ்வளவு சேர்ந்தது என்று குடும்ப மருத்துவர் சோதித்துச் சொல்லவும் வழியில்லை. சோதிக்கக்கூடியது வீட்டைத்தான்.

எவ்வளவு இருந்தால் அதிகம்?

அளவுகோல் பெக்கரல். கன மீட்டருக்கு 200 பெக்கரல் என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் ஒவ்வொரு நொடியும் 200 ரேடான் அணுக்கள் சிதைகின்றன என்று பொருள். மூன்று எண்களை நினைவில் வையுங்கள்.

• 100 – உலக சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்த அளவு. நாட்டின் நிலைமை இடம்தராவிட்டாலும் 300ஐத் தாண்டக்கூடாது என்றது.
• 148 – அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் நடவடிக்கை அளவு. அங்கே லிட்டருக்கு 4 பிக்கோகியூரி என்று எழுதுவார்கள். லிட்டருக்கு ஒரு பிக்கோகியூரி என்பது கன மீட்டருக்கு 37 பெக்கரல். அமெரிக்கக் கருவி வாங்கினால் 37ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.
• 200 – கனடாவின் வழிகாட்டு அளவு. 2007க்கு முன் இது 800ஆக இருந்தது.

கனடா சுகாதாரத் துறையின் ஆலோசனை: 200 முதல் 600 வரை இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் திருத்துங்கள், 600க்கு மேல் என்றால் ஓராண்டுக்குள். 200க்குக் கீழே கட்டாயம் எதுவுமில்லை. ஆனாலும் 150, 180 என்று வந்து, கீழே யாராவது நாள்முழுதும் இருந்தால் குறைப்பது நல்லது. 199க்கும் 201க்கும் இடையில் உடலுக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

ஊகித்தால் ஏன் தவறும்?

“பக்கத்து வீட்டில் அளந்தார்கள், ஒன்றுமில்லை” என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. அடுத்தடுத்த இரு வீடுகளில் மண்ணின் இளக்கம், தரையின் வெடிப்பு, காற்றோட்டம், கதவு திறக்கும் பழக்கம் எல்லாம் வேறு. அளவும் பல மடங்கு வேறுபடலாம்.

“எங்கள் வீடு புத்தம்புதிது” என்பது இன்னொன்று. கால்கரிப் பகுதியில் 2,382 வீடுகளை அளந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில் எட்டில் ஒரு வீடு 200ஐத் தாண்டியது. 1992க்குப் பின் கட்டப்பட்ட வீடுகளின் சராசரி, பழையவற்றைவிட 30 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதல்.

“இந்தப் பக்கம் ரேடான் இல்லை” என்பதும் முழு உண்மை அல்ல. 2009–2011 காலத்தில் கனடா சுகாதாரத் துறை சுமார் 14,000 வீடுகளில் நடத்திய கணக்கெடுப்பில், கனடியரில் 6.9 விழுக்காட்டினர் 200க்கு மேற்பட்ட வீடுகளில் வாழ்வதாகத் தெரிந்தது. 2024இல் வெளியான மற்றொரு நாடளாவிய ஆய்வு இத்தகைய வீடுகளின் வீதத்தை 18 விழுக்காட்டை ஒட்டி வைத்தது. மானிற்றோபா, நியூ பிரன்ஸ்விக், யூக்கோன் போன்ற இடங்களில் வீதம் அதிகம். தமிழர் செறிந்து வாழும் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் குறைவு. வேலைக்காக வினிபெக்குக்கோ எட்மன்டனுக்கோ கால்கரிக்கோ குடிபெயர்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் வீதம் ஊருக்கு உரியது. உங்கள் வீட்டின் எண்ணை அது சொல்லாது.

ஊகம் எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்கு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்தது சாட்சி. 1984 டிசம்பரில், லிமெரிக் அணுமின் நிலையக் கட்டுமானத்தில் பொறியாளராக இருந்த ஸ்டான்லி வாட்ரஸ் கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவிகளை அலறவைத்தார். அவர் உடலிலும் உடையிலும் இருந்த கதிரியக்கம் வேலைத்தளத்தில் ஒட்டியது அல்ல, வீட்டிலிருந்தே கொண்டுவந்தது என்று பின்னர் புரிந்தது. வீட்டை அளந்தபோது கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பெக்கரல். குடும்பம் வெளியேறியது, வீடு திருத்தப்பட்டது, அவர்கள் திரும்பி வந்து அங்கேயே குடியிருந்தார்கள். சாதாரணக் குடியிருப்புகளில் ரேடானை அளக்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவியது அதன் பிறகே.

அளப்பது எப்படி?

கருவிகள் இரண்டு வகை. முதலாவது, உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துண்டில் ஆல்ஃபா துகள்கள் தழும்பு பதிக்கும். மூன்று மாதம் கழித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் தழும்புகளை எண்ணி முடிவு சொல்வார்கள். ஆய்வுக்கூடக் கட்டணம் சேர்த்தே சில பத்து டொலர்தான். இரண்டாவது, திரையில் எண் காட்டும் மின்னணு அளவி. விலை கூட, ஆனால் திரும்பத் திரும்பப் பயன்படும். சில பொது நூலகங்கள் இரவலும் தருகின்றன. எதை வாங்கினாலும் சி-என்ஆர்பிபி எனப்படும் கனடிய தேசிய ரேடான் தகுதித் திட்டத்தின் ஒப்புதல் பெற்றதா என்று பாருங்கள்.

1. காலம்: குறைந்தது 91 நாள். ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரையுள்ள வெப்பமூட்டும் காலம் சிறந்தது. ரேடான் நாளுக்கு நாள், மணிக்கு மணி மாறும்; இரண்டு மூன்று நாள் அளவை நம்பி முடிவெடுக்க முடியாது.

2. தளம்: ஒருவர் நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் ஆகக் கீழ்த்தளம். பேஸ்மென்ட்டில் துணி துவைக்க மட்டும் இறங்குகிறீர்கள் என்றால் மேல் தளத்தில் வையுங்கள். யாராவது அங்கே படுத்தால் பேஸ்மென்ட்தான்.

3. அறை: படுக்கையறை அல்லது உட்காரும் அறை. சமையலறை, குளியலறை, துணி துவைக்கும் இடம் வேண்டாம். ஈரமும் காற்றோட்ட விசிறியும் அளவைக் குழப்பும்.

4. இடம்: மூச்சுவிடும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 0.8 முதல் 2 மீட்டருக்குள். வெளிச்சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி. சன்னல், வெப்பக்காற்று வரும் துவாரம், வெயில் விழும் இடம், சம்ப் குழி ஆகியவற்றின் அருகில் கூடாது.

5. பழக்கம்: வழக்கம்போல் வாழுங்கள். அளவுக்காகச் சன்னலைத் திறந்து வைக்கவும் வேண்டாம், திறப்பதை நிறுத்தவும் வேண்டாம்.

6. குறிப்பு: வைத்த தேதியையும் எடுத்த தேதியையும் எழுதி, எடுத்தவுடன் அனுப்புங்கள். அலமாரியில் கிடந்தால் அது தொடர்ந்து பதிந்துகொண்டே இருக்கும்.

மின்னணு அளவி வைத்திருப்பவர்கள் காலையில் 340 என்று பார்த்துப் பதறுவதும், மாலையில் 90 என்று பார்த்து மறப்பதும் வழக்கம். இரண்டும் வேண்டாம். மூன்று மாதச் சராசரி ஒன்றே கணக்கு.

குறைப்பது எப்படி?

அளவு கூடுதலாக வந்தால் வீட்டை விற்கவோ பேஸ்மென்ட்டைப் பூட்டவோ தேவையில்லை. வீட்டு ஆபத்துகளில் இவ்வளவு உறுதியாகத் தீரக்கூடியவை குறைவு.

நம்பகமான வழி, தரைக்கடியில் காற்றழுத்தத்தைக் குறைப்பது. கொங்கிரீட் தரையில் துளையிட்டு சுமார் பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயை இறக்குவார்கள். குழாயோடு இணைந்த விசிறி இரவும் பகலும் ஓடி, மண்ணின் காற்று வீட்டுக்குள் ஏறுமுன்பே அதை இழுத்து வெளியே விட்டுவிடும். நன்றாகச் செய்தால் 80 விழுக்காட்டுக்கு மேல் குறையும்; பல வீடுகளில் 90ஐத் தாண்டும். வேலை பெரும்பாலும் ஒரு நாளில் முடியும். செலவு பெரும்பாலான வீடுகளில் 2,000 முதல் 4,000 டொலருக்குள் அடங்கும்.

மற்ற வழிகள் இதற்குத் துணை. வெடிப்புகளை அடைப்பதும் சம்ப் குழிக்குக் காற்றுப்புகா மூடி போடுவதும் அவசியம். ஆனால் அதை மட்டும் செய்துவிட்டு ரேடான் போய்விட்டது என்று இருக்க முடியாது. வெப்பத்தை இழக்காமல் காற்றை மாற்றும் எச்ஆர்வி கருவி, அளவு கொஞ்சம் மட்டும் கூடியிருக்கும்போது உதவும். சன்னலைத் திறந்தால் குறையும். ஜனவரியில் எத்தனை மணி நேரம் திறந்து வைப்பீர்கள்?

பல புதிய வீடுகளில் பேஸ்மென்ட் தரையிலிருந்து மூடியிட்ட குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது இந்த வேலைக்காகவே கட்டும்போது விடப்பட்டது. குழாய் இருந்தாலே பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். விசிறி பொருத்தி வெளியே விடும்வரை அதனால் பயனில்லை. அலங்கார வேலை செய்பவர் அதை வெட்டிப் பலகை அடித்து மறைக்கவும் விடாதீர்கள்.

பேஸ்மென்ட்டைக் கட்டி முடிக்க நினைப்பவர்கள் வரிசையை மாற்றிப் போடாதீர்கள். முதலில் அளவு, பிறகு திருத்தம், அதற்குப் பிறகே தரை ஓடும் சுவர்ப் பலகையும். எல்லாம் முடிந்தபின் துளையிட்டால் செலவு கூடும்.

ஒப்பந்தகாரரை வைக்குமுன் இவற்றைக் கேளுங்கள்:

• குறைப்பு வேலைக்கான சி-என்ஆர்பிபி சான்றிதழ் இருக்கிறதா? அளப்பதற்கான சான்றிதழ் வேறு.
• தரைக்கடியில் உறிஞ்சல் எல்லா மூலைக்கும் பரவுகிறதா என்று முன்கூட்டிச் சோதிப்பாரா?
• விசிறி எங்கே? வெளியேறும் துளை எங்கே? சன்னலுக்கோ கதவுக்கோ அருகில் இருக்கக்கூடாது. பனி மூடாத உயரத்தில் இருக்கவேண்டும்.
• எரிவாயு நீர்சூடாக்கியின் புகை வீட்டுக்குள் திரும்புகிறதா என்று வேலை முடிந்ததும் பார்ப்பாரா?
• விசிறி வேலை செய்கிறதா என்று காட்டும் அழுத்தமானி பொருத்துவாரா?
• எவ்வளவுக்குக் குறைப்பார், குறையாவிட்டால் என்ன செய்வார்? எழுத்தில் வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் குறுகிய கால அளவு ஒன்று. அடுத்த குளிர்காலத்தில் மூன்று மாத அளவு ஒன்று. இரண்டும் எடுத்த பிறகே வேலை முடிந்ததாகக் கருதுங்கள்.

பணத்துக்கு இரண்டு வழிகளைப் பாருங்கள். ஒன்ராறியோவில் புதிய வீட்டுக்கான டேரியன் உத்தரவாதம் முதல் ஏழு ஆண்டுகளுக்கு ரேடானையும் உள்ளடக்குகிறது. நீண்டகால அளவு 200க்கு மேல் என்ற முடிவோடு விண்ணப்பிக்கவேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கனடிய நுரையீரல் சங்கம் உதவித்தொகைத் திட்டம் நடத்திவந்திருக்கிறது. இப்போது விண்ணப்பம் ஏற்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வாடகைக்கு விடுபவருக்கும் இருப்பவருக்கும்

வீட்டுக்காரர் மேல் தளங்களில் வாழ்கிறார். வாடகைக்கு இருப்பவர் கீழே படுக்கிறார். கூடுதல் ரேடானைச் சுவாசிப்பவர் ஒருவர், திருத்தும் முடிவை எடுப்பவர் வேறொருவர்.

வாடகைக்கு இருப்பவர் அளப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. டப்பாவை மேசையில் வைத்தால் போதும். முடிவு 200க்கு மேல் வந்தால் அறிக்கையின் நகலோடு எழுத்தில் தெரிவியுங்கள். கனடாவின் வழிகாட்டு அளவு நேரடியான சட்டம் அல்ல. ஆனால் வீட்டைக் குடியிருக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பது ஒன்ராறியோ வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. “அண்ணை, இப்பிடி ஒரு ரிசல்ட் வந்திருக்கு, ஒருக்காப் பாருங்கோ” என்று பேசித் தொடங்கினாலும், எழுத்து ஒன்று கையில் இருக்கட்டும்.

வீட்டுக்காரருக்கு: குறைப்புக் கருவியை வாடகைக்காரருக்குச் செய்யும் தயவாக நினைக்கவேண்டாம். அதே காற்றுத்தான் ஃபர்னஸ் குழாய்கள் வழியே மேலே உங்கள் பிள்ளைகளின் அறைக்கும் வருகிறது. விசிறியின் சுவிட்சை மின்சாரக் கணக்குக்காக யாரும் அணைக்காதபடி ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள்.

அடிக்கடி வரும் கேள்விகள்

*காபன் மொனொக்சைட்டு அலாரம் ரேடானைக் காட்டுமா?* காட்டாது. அது வேறு வாயு, வேறு கருவி.

*கிரானைட் சமையல் மேடை காரணமா?* கிரானைட்டில் சிறிது யுரேனியம் இருப்பது உண்மை. ஆனால் வீட்டு ரேடானில் அதன் பங்கு மிகச் சொற்பம், மேடையை உடைக்கவேண்டாம்.

*காற்றுச் சுத்திகரிப்பான் போதுமா?* தூசியைப் பிடிக்கும். மண்ணிலிருந்து வரும் வாயுவை நிறுத்தாது. அதை நம்பித் திருத்தத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

*தண்ணீரில் வருமா?* நகரக் குழாய்நீரில் கவலையில்லை. சொந்த ஆழ்துளைக் கிணறு உள்ள நாட்டுப்புற வீடுகளில், குளிக்கும்போது நீரிலிருந்து காற்றில் கலக்கலாம். அங்கும் முதலில் காற்றை அளந்து, கூடுதலாக இருந்தால் நீரைச் சோதியுங்கள்.

*அடுக்குமாடியில் இருக்கிறோம், அளக்கவேண்டுமா?* நிலத்தைத் தொடும் தளங்களில் இருந்தால் ஆம். மேலே போகப்போகப் பொதுவாகக் குறையும்.

*ஊரில் இதைப் பற்றி யாரும் பேசவில்லையே?* ரேடான் அங்கும் மண்ணில் உண்டு. நிலத்துக்குக் கீழே படுக்கும் வழக்கம் இல்லை, சன்னலும் கதவும் ஆண்டு முழுதும் திறந்தே கிடக்கும், வாயு தங்குவதில்லை. பூட்டிய வீட்டின் பேஸ்மென்ட்டில் குளிர்காலத்தைக் கழிப்பது நமக்குப் புதிய வாழ்க்கை.

செய்யவேண்டியவை, மாத வரிசையில்

செப்டம்பர்: கருவி வாங்குங்கள். கீழே அதிக நேரம் இருப்பவரின் அறையைத் தெரிவு செய்யுங்கள்.

ஒக்டோபர்: வையுங்கள். தேதியை நாட்காட்டியில் எழுதுங்கள்.

ஜனவரி கடைசி: 91 நாள் கடந்ததும் எடுத்து அனுப்புங்கள்.

பெப்ரவரி, மார்ச்: முடிவு 200க்கு மேல் என்றால் சான்றிதழ் பெற்ற இரண்டு மூன்று ஒப்பந்தகாரரிடம் விலை கேளுங்கள். 600க்கு மேல் என்றால் அந்த ஆண்டுக்குள் முடியுங்கள். அதுவரை கீழே படுப்பவரின் கட்டிலை மேலே மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

அடுத்த ஒக்டோபர்: திருத்திய வீட்டில் மறுபடியும் மூன்று மாத அளவு.

அதன் பின்: திருத்திய வீட்டை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அளங்கள், அழுத்தமானியை மாதம் ஒருமுறை ஒரு பார்வை. திருத்தத் தேவைப்படாத வீடாயினும், பேஸ்மென்ட்டைக் கட்டி முடித்தாலோ, சன்னல்களை மாற்றினாலோ, புதிய ஃபர்னஸ் பொருத்தினாலோ, இதுவரை யாரும் படுக்காத அறையில் ஒருவர் படுக்கத் தொடங்கினாலோ மீண்டும் அளங்கள். அறிக்கைகள் எல்லாவற்றையும் வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருங்கள். விற்கும்போது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்றுக்கு உங்களிடம் பதில் எழுத்தில் இருக்கும்.